கூட, குறைவு, பரவாயில்லை

எழுபதுகளில் எங்கள் வீட்டில் ரத்தக் கொதிப்புக்கு எண் கிடையாது. சொல் மட்டும்தான். சிங்கப்பூர் சிராங்கூன் சாலை டாக்டரிடம் அப்பா போய்விட்டு வந்தால் அம்மா கேட்பது ஒரே கேள்வி: "என்ன சொன்னாரு?" பதிலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கூட இருக்காம். கொஞ்சம் கூட இருக்காம். பரவாயில்லையாம். முதலாவது என்றால் ஒரு வாரத்துக்குக் கருவாடு இல்லை. இரண்டாவது என்றால் கருவாடு உண்டு, அப்பளம் இல்லை. மூன்றாவது என்றால் அன்று ராத்திரியே கருவாடு, அப்பளம் இரண்டும்.

டாக்டர் பாதரசத்தைப் பார்ப்பார், நாங்கள் டாக்டரின் புருவத்தைப் பார்ப்போம். எண் என்று ஒன்று இருந்தது உண்மைதான். அதை அவர் ஓர் அட்டையில் நீல மையில் கிறுக்குவார். அட்டை அவருடைய அலமாரிக்குப் போய்விடும். அது எங்கள் அப்பாவின் உடம்பைப் பற்றிய அட்டை என்பதோ, அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்பதோ எங்களுக்குத் தோன்றியதே இல்லை. ஒருமுறை நான் கேட்கப் போக, அம்மா வெளியே இழுத்து வந்து சொன்னாள்: "டாக்டர்கிட்ட போய் நம்பர் கேக்கற பிள்ளைய இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் என்னென்ன கணக்கு ஓடியதோ, அவருக்கே வெளிச்சம். அப்பா துறைமுகத்தில் இரவு வேலை முடித்து நேராக வந்திருக்கிறாரா, படியேறி மூச்சு வாங்குகிறாரா, அம்மா பக்கத்தில் நிற்கிறாளா, மாதக் கடைசியில் மருந்து எழுதினால் வாங்குவாரா என்பதையெல்லாம் பார்த்துத்தான் "கொஞ்சம் கூட" என்பது "பரவாயில்லை" ஆகியிருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளை எந்த எக்செல்லும் தாங்காது. பழைய எக்செல்லில், 'இப்படி என்றால் இது, இல்லாவிட்டால் அது' என்று சொல்லும் ஒரு 'இஃப்' சூத்திரத்துக்குள் இன்னொன்றாக ஏழு அடுக்குக்கு மேல் போக முடியாது. 2007இல்தான் அதை 64 ஆக்கினார்கள்.

'இஃப்' எனக்கு அறிமுகமானது எண்பதுகளின் கடைசியில், கிட்டங்கி ஒன்றில் கிராணியாகச் சேர்ந்தபோது. விரிதாள்களான விசிகால்க் 1979இலும் லோட்டஸ் 1-2-3 1983இலும் வந்துவிட்டன என்றாலும், எங்கள் கிட்டங்கிக்கு வந்து சேர இன்னும் சில வருடம் பிடித்தது. மேலாளர் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்தது திருகாணிக் கணக்கு. இருப்பு 50 பெட்டிக்குக் கீழே போனால் பக்கத்துக் கட்டத்தில் 'வாங்கு' என்று வர வேண்டும், இல்லாவிட்டால் 'இருக்கிறது' என்று வர வேண்டும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் அந்தச் சொல் தானாக மாறியதைப் பார்த்து நாங்கள் நாலைந்து பேர் கைதட்டினோம். திருகாணிகள் ஆட்சேபிக்கவில்லை.

அதே சூத்திரத்தில் திருகாணிக்குப் பதில் மனிதர்களைப் போடச் சொன்னது 2003. மார்ச் 22ஆம் தேதி டான் டோக் செங் மருத்துவமனையை சார்ஸுக்கென்றே ஒதுக்கினார்கள். சிங்கப்பூரில் 238 பேருக்கு நோய் வந்து 33 பேர் இறந்தார்கள். மே 31இல் உலகச் சுகாதார நிறுவனம் நம்மை நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து எடுக்கும் வரை தீவு முழுவதும் வாயில் வெப்பமானியோடு அலைந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்தார்கள். அலுவலகங்களில் காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். பார்த்ததற்கு அடையாளமாகச் சட்டையில் ஒரு வட்ட ஸ்டிக்கர். இன்று மஞ்சள், நாளை பச்சை. நேற்றைய நிறத்தோடு சிராங்கூன் சாலைத் தேக்கா பக்கம் போனால் கடைக்காரரே ஒரு மாதிரி பார்ப்பார்.

அந்த எண்களையெல்லாம் எக்செல்லில் ஏற்றுவது என் வேலையாயிற்று. 37.5க்கு மேல் என்றால் 'காய்ச்சல்', இல்லையென்றால் 'சரி'. மூன்றாம் நாளே ஒரு விசித்திரம் தெரிந்தது. எல்லோருக்கும் 36.5. ஓட்டுநர், கணக்காளர், கர்ப்பிணி, மேலாளர் எல்லோரும் காலையும் மாலையும் 36.5. அப்படி ஒரு ஒற்றுமையை தேசிய தின அணிவகுப்பில்கூடப் பார்க்க முடியாது. ஒருவர் மட்டும் நேர்மையாக 34.2 என்று எழுதியிருந்தார். வெப்பமானியை நாக்குக்கு அடியில் வைக்காமல் உதட்டில் கவ்வியிருக்க வேண்டும். உண்மையிலேயே 34.2 என்றால் அவரைக் கம்பளி போர்த்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். சூத்திரமோ அவரையும் 'சரி' என்று வேலைக்கு அனுப்பியது. அதனிடம் கேட்டது ஒரே கேள்வி, அது சொன்னது ஒரே பதில்.

உடம்பின் இயல்பான வெப்பம் 37 என்பதை உலகத்துக்கு நிலைநாட்டியவர் ஜெர்மனியில் லைப்சிக்கிலிருந்த வுண்டர்லிச். ஏறக்குறைய 25,000 நோயாளிகளின் வெப்பத்தைத் திரும்பத் திரும்ப அளந்து 1868இல் புத்தகம் போட்டார். எக்செல் இல்லாத காலம். அவருடைய நோயாளிகளும் எல்லோரும் 36.5 என்று எழுதிக் கொடுத்திருந்தால் புத்தகம் நாலு பக்கத்தில் முடிந்திருக்கும்.

வெப்பத்தையாவது விடுங்கள், எடையைப் பார்ப்போம். 2002 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் இதே சிங்கப்பூரில் கூடிப் பேசினார்கள். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 25ஐத் தொடும் முன்பே நீரிழிவும் இதய நோயும் வந்துவிடுகின்றன, என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. உலகத்துக்கான 25, 30 என்ற கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, 23, 27.5 ஆகிய இடங்களிலும் நாடுகள் விழித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். 2004இல் அது மருத்துவ இதழில் வந்தது, 2005இல் சிங்கப்பூர் தன் கோட்டை மாற்றிக்கொண்டது. அந்த வருட உடல் பரிசோதனைத் தாளைத் திறந்து நான் செய்தது, 25ஐ அழித்து 23 என்று எழுதியது மட்டும். எங்கள் தளத்தில் சிலர் ஒரு கிராம்கூடக் கூடாமல் 'ஆரோக்கியம்' என்பதிலிருந்து 'மிதமான ஆபத்து'க்கு மாறினார்கள். மதியம் கோமள விலாஸுக்குப் போவதாக இருந்த ஒருவர் திட்டத்தைக் கைவிட்டார். இன்னொருவர், இனி ஆபத்து எப்படியும் வந்துவிட்டது என்று கூடவே ஒரு ஜாங்கிரியும் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

கோடு நகர்வது புதிதல்ல. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கான கோட்டை 140இலிருந்து 126க்கு இறக்கியது. 130 உள்ளவர்கள் அந்த அறிவிப்போடு நீரிழிவுக்காரர்கள் ஆனார்கள். 2017 நவம்பரில் அமெரிக்க இதய மருத்துவர்கள் ரத்தக் கொதிப்பின் கோட்டை 130/80 ஆக்கினார்கள். சிங்கப்பூரில் மருந்தகத்தில் பார்த்தால் அது இன்னும் 140/90, வீட்டில் நாமே பார்த்தால் 135/85. ஆக, 132/82 உள்ள ஒருவர் சாங்கி விமான நிலையத்தில் ஏறும்போது நோய் இல்லாதவர், சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கும்போது நோயாளி. திரும்பி வந்தால் தெளிந்துவிடும். மருத்துவத்தில் இவ்வளவு சுலபமான சிகிச்சை வேறு கிடையாது.

இதையெல்லாம் கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, கோட்டை நகர்த்தியவர்களுக்குக் காரணம் இருந்தது. 2010ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் வயதுவந்த சிங்கப்பூரர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களைத் தனியாகப் பார்த்தால் 17.2. 2016இல் சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றார். அடுத்த வருடம் தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியன் லூங்கே அதைப் பற்றிப் பேசினார். வழக்கமாகப் பொருளாதாரம் கேட்கப் போகும் கூட்டம் அன்று இனிப்பு நீர் பற்றிக் கேட்டது.

போரின் ஒரு முனை இப்போது தேநீர்க் கோப்பைக்கு வந்துவிட்டது. 2022 டிசம்பர் 30 முதல் புட்டியிலும் டின்னிலும் வரும் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் எழுத்து. சரியாக ஒரு வருடம் கழித்து, கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லியில் சர்க்கரை 1 கிராம் வரை என்றால் ஏ, 5 வரை பி, 10 வரை சி, அதற்கு மேல் டி. கொழுப்புக்கும் தனிக் கணக்கு உண்டு. டி வாங்கிய பானத்துக்கு விளம்பரமே கூடாது. நாலே நாலு 'இஃப்'பில் ஒரு நாட்டின் நாக்கைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. தேக்கா நிலையத்தில் நான் வழக்கமாகக் குடிக்கும் இஞ்சித் தேநீரான தே ஹாலியாவுக்கு எந்த எழுத்தும் இல்லை. இருந்தால் என்ன எழுத்தாக இருக்கும் என்று எனக்கும் தெரியும், கலக்குகிறவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

கொரோனாவோடு 2020 வந்தபோது 'இஃப்' தாளை விட்டு இறங்கித் தெருவில் நடந்தது. ஏப்ரல் 22 முதல் நாலு சந்தைகளுக்குள் நுழைய அடையாள அட்டையின் கடைசி எண் பார்த்தார்கள். தேதி ஒற்றை என்றால் ஒற்றை எண்காரர்கள், இரட்டை என்றால் இரட்டை. எங்கள் யீஷூனில் சோங் பாங் சந்தை அதில் ஒன்று. என்னுடையது ஒற்றை, அம்மாவுடையது இரட்டை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் சேர்ந்து மீன் வாங்க முடியாது. அம்மாவுக்கு இதில் வருத்தமே இல்லை, எனக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியாது என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.

விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு அந்த 'இஃப்' சிரிக்கும் விஷயமாக இல்லை. வெப்பம், நாடி, ஆக்சிஜன் மூன்றையும் தவறாமல் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதை இன்னொரு செயலி நிறமாகச் சொல்லும். தடைகளெல்லாம் விலகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஃபலோ சாலையில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "உடம்பு நல்லாத்தான் இருந்துச்சுக்கா. போன்தான் சிவப்பா இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, வாழைப்பழம் விலை கேட்கப் போய்விட்டார்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் இரண்டும் உண்டு. முஸ்தஃபா கடையில் வாங்கிய பிரஷர் அளவி, விரல் குத்தும் மீட்டர், எல்லாம் மேசைமேல் இருக்கின்றன. தம்பி மகன் ஒரு விரிதாள் போட்டுக் கொடுத்திருக்கிறான். எண்ணைத் தட்டினால் சொல் வரும், சொல்லோடு நிறமும் வரும்.

"அத்தை, ஃபார்முலா எல்லாம் நான் பாத்துட்டேன். நீங்க நம்பர் மட்டும் போடுங்க."

எண் மட்டும் போட்டதில் பல வேடிக்கைகள் வெளியே வந்தன. அளவியில் தெரிவதை அப்படியே 118/76 என்று ஒரே கட்டத்தில் போட்டால் தாள் சிவந்துவிட்டது. சாய்கோடு சேர்ந்ததும் அது எக்செல்லுக்கு எண் இல்லை, எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் எழுத்துத்தான் எப்போதும் பெரியது என்பது எக்செல்லின் சட்டம். தமிழாசிரியர்கள் கேட்டால் மகிழ்வார்கள். மேல் பிரஷருக்கு ஒரு பத்தி, கீழ் பிரஷருக்கு ஒரு பத்தி என்று பிரித்ததும் அடங்கியது.

அப்புறம் 'அண்ட்' வந்தது. மேலும் கூட, கீழும் கூட என்றால்தான் 'உயர்வு' என்று பையன் எழுதியிருந்தான். வயதானவர்களுக்கு மேல் எண் மட்டும் ஏறி, கீழ் எண் சாதுவாக இருப்பது சாதாரணம். 158/74 என்று வந்த நாளில் தாள் பச்சையாகச் சிரித்தது. இரண்டில் எது ஏறினாலும் உயர்வுதான், அங்கே 'ஆர்' வர வேண்டும். அதைத் திருத்தியபோது இன்னொன்றும் தெரிந்தது: வரிசை. இஃப் என்பது முதலில் திறந்த கதவிலேயே உள்ளே போய்விடும் விருந்தாளி. '120க்கு மேல் என்றால் சற்று அதிகம்' என்பதை முதலில் வைத்தால் 185 வந்தாலும் 'சற்று அதிகம்' என்றே சொல்லும். '180க்கு மேல் என்றால் உடனே மருத்துவரிடம்' என்ற வரியை அது எட்டிக்கூடப் பார்க்காது. பெரியதை முதலில் கேட்க வேண்டும்.

வெற்றுக் கட்டம் இன்னொரு கூத்து. அம்மா அளக்காத நாளைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு 'மிகக் குறைவு' என்று நீலம் பூசியது. தாளின் கணக்குப்படி அம்மா பலமுறை இறந்திருக்கிறாள். அவள் அந்த நேரங்களில் சீனிவாசப் பெருமாள் கோயிலில் இருந்தாள்.

அளப்பதிலும் அம்மா சும்மா இல்லை. சிவப்பு வந்தால் எனக்குத் தெரியாமல் கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி அளப்பாள். பச்சை வரும் வரை அளப்பாள். பச்சையைத்தான் என்னிடம் சொல்வாள். "இத எழுதிக்க, இதான் சரியான நம்பர்." ஒன்றுக்கு இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள்தான். தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. 2003இல் எங்கள் அலுவலகம் முழுக்க 36.5 எழுதியதே, அதே கலை.

இதற்கிடையே மன்னார்குடியிலிருந்து சித்தி வாட்ஸ்அப்பில் தன் கணக்கை அனுப்புவாள். "சுகர் 142தான், அக்காவுக்கு எவ்வளவு?" அம்மாவுக்கு 7.9. இரண்டும் ஒன்றே. ஊர்க்கணக்கை 18ஆல் வகுத்தால் சிங்கப்பூர்க் கணக்கு வந்துவிடும். அம்மா இதை நம்புவதில்லை. தன்னுடையது ஏழு, தங்கையுடையது நூற்று நாற்பத்திரண்டு, ஆகவே சிங்கப்பூர் தண்ணீர் உசத்தி என்பது அவள் கட்சி.

எல்லாவற்றிலும் என்னைப் பயமுறுத்தியது ஒன்றுதான். சர்க்கரை அளக்கும் மீட்டர், அதன் எல்லையைத் தாண்டி ஏறினால் எண்ணைக் காட்டாது, 'ஹை' என்று எழுத்துக் காட்டும். அடியில் விழுந்தால் 'லோ' என்று காட்டும். பார்த்ததை அப்படியே தட்டினால் இரண்டும் எழுத்து. எழுத்து எண்ணைவிடப் பெரியது. ஆக 'ஹை' என்றாலும் சிவப்பு, 'லோ' என்றாலும் அதே சிவப்பு, அதே 'சர்க்கரை கூட'. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மயங்கும் நிலையில் இருப்பவரிடம் இனிப்பைத் தொடாதே என்று தாள் சொல்லும். இதைக் காட்டியபோது பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த மாதிரி யாரும் டெஸ்ட் பண்ண மாட்டாங்க அத்தை" என்றான். அதனால்தான் சொல்கிறேன்.

இப்படியெல்லாம் சொன்னால் பழைய டாக்டரே தேவலை என்று நான் முடிக்கப் போவதாக நினைப்பீர்கள். தேக்கா பற்றிய ஞாபகக் கட்டுரைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும்: அந்தக் காலத்தில் புருவத்தைப் பார்த்தே நோயைச் சொன்னார்கள், இந்தக் காலத்தில் இயந்திரம். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. 1984இல் அப்பா குளியலறையில் விழுந்தார், வலது பக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் ஒருவர், இதற்கு முன் பிரஷர் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். அம்மா உண்மையைச் சொன்னாள்: "பரவாயில்லன்னு சொன்னாருங்க." மருத்துவர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்களிடம் எழுதச் சொல்ல எண் எதுவும் இல்லை. எது வரை பரவாயில்லை என்பதும் தெரியவில்லை. 150ஆ, 170ஆ? அந்தக் கோடு ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது, எண் அவருடைய அலமாரிக்குள் இருந்தது.

பையனின் தாளில் தப்பு இருந்தது. கட்டத்தைத் தட்டினேன், தப்பு தெரிந்தது, திருத்தினோம். அந்த நல்ல மனிதரின் சூத்திரத்தைத் திறந்து பார்க்க எங்களுக்கு வழி இருக்கவில்லை. அதனால் நான் தாளின் கட்சி. அது டாக்டரைவிடப் புத்திசாலி இல்லை. அதன் அசட்டுத்தனம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, அவ்வளவுதான். பலதுறை மருந்தகத்தில் அம்மாவைப் பார்க்கும் மருத்துவரும் வண்ணங்களைக் கண்டுகொள்வதில்லை, பத்தியில் எண்களை மட்டும் மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்க்கிறார்.

வீட்டில் பெரியவர்களுக்கு இப்படித் தாள் போட்டு வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. 135, 85, 7 போன்ற எல்லை எண்களைச் சூத்திரத்துக்குள் புதைக்காதீர்கள். மேலே தனிக் கட்டத்தில் வையுங்கள், பக்கத்தில் யார் சொன்ன எல்லை, எந்த வருடம் என்று எழுதுங்கள். அடுத்த முறை கோடு நகரும்போது தேட வேண்டியிருக்காது. உங்கள் அம்மாவுக்கு மருத்துவர் வேறு எல்லை சொல்லியிருந்தால் அதைப் போடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் பதிலும் காலியாக இருக்கட்டும். எண் அல்லாத எது வந்தாலும் நிறம் பூசாமல், 'மறுபடி அளக்கவும்' என்று வரச் செய்யுங்கள்.

மீட்டர் 'லோ' என்று காட்டினால் மட்டும் கணினி பக்கமே போகாதீர்கள். நினைவோடு இருக்கிறார், விழுங்க முடிகிறது என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 995ஐ அழையுங்கள். தாளில் அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.